நான்காவது நட்டு

சாங்கி படகுத்துறை. காலை ஏழு பத்து.
உபின் தீவுக்குப் பன்னிரண்டு பேர் இன்னும் சேரவில்லை.
பெங் ஹுவாட் இஞ்சின் மூடியைத் தூக்கிவிட்டு
மலாயில் பெருமைப்பட்டார்:
இந்த வருஷம் சொட்டு ஆயில்கூடக் குடிக்கவில்லையாம்.

டிப்ஸ்டிக்கை உருவி, துடைத்து, மறுபடி விட்டேன்.
மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை.
ஊற்றியதைவிட அதிகம் இருக்கிறது.
இரு விரலில் தேய்த்தால் பிசுக்கே இல்லை.
முகர்ந்தேன். டீசல்.

குறைந்தால் ஊற்றலாம்.
கூடினால் தேடணும்.

இஞ்சினை ஓடவிட்டு
இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை ஒவ்வொன்றாய்த் தளர்த்தினேன்.
முதலாவது: இடறியது.
இரண்டாவது: இடறியது, காலடிப் பலகை அதிர
பெங் ஹுவாட்டின் காப்பிப் பொட்டலம் சரிந்தது.
மூன்றாவதைத் தொட்டதும் அணையப் பார்த்தது.
நான்காவது

ஒன்றுமில்லை.
அதே தடதட. அதே வெள்ளைப் புகை.
இவன்தான்.

கழற்றினால் மூக்கு நுனியில் கரிக்கட்டி.
பனியாய்த் தெளிக்க வேண்டியதை
ஒழுகவிட்டிருக்கிறான் இத்தனை நாளும்
மூன்று பேர் சத்தத்துக்குள் ஒளிந்துகொண்டு.

கந்தலில் சுற்றிப் பையில் போட்டேன்,
காக்கி புக்கிட்டில் அழுத்தம் பார்க்க வேண்டும்.
பழைய ஆயில் வாளியில்
தண்ணீர்போலச் சளசளவென்று விழுந்தது.
"எவ்வளவு வெள்ளி?" என்றார்.
"வாஷர், எட்டு லிட்டர் ஆயில். மற்றது நாளைக்கு."

போன மாதம் டெங்குவில் பதினோரு நாள் கிடந்தேன்.
பட்டறையில் ஏதாவது இடறியதா என்று
தவமணியிடம் கேட்டிருக்கலாம்.
கேட்கவில்லை.

பன்னிரண்டாவது ஆள் சைக்கிளோடு வந்துவிட்டார்.
பெங் ஹுவாட் முகத்தைத் திருப்பிக்கொண்டு
அடுத்த படகைக் கை காட்டினார்.