ஒன்றரைப் புள்ளி

பள்ளத்தூரில் கரண்ட் போய் ஒரு மணி நேரம்.
யூபிஎஸ் இன்னும் இருபது நிமிடம் தாங்கும்.
கடல்களுக்கு அப்பால் எங்கோ
எலக்ட்ரான்கள் புரோட்டானில் மோதித் தெறித்த
நாலு கோடி மோதல்களின் கணக்கு
என் மடியில் சூடாக இருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது என்று கண்டவர் இல்லை.
பட்டுத் திரும்பிய எலக்ட்ரானைத்தான் விசாரிக்கிறோம்:
எந்தக் கோணத்தில் விலகினாய்,
எவ்வளவு ஆற்றலை அங்கே விட்டுவந்தாய்.
மெல்ல எறிந்தால்
புரோட்டான் மங்கலாய் ஓர் உருண்டை.
விசை கூட்டினால் மூன்று புள்ளி.
இன்னும் கூட்டு,
திருவிழாக் கூட்டம்;
பிறப்பதும் மறைவதுமாக, தலை எண்ணவே விடாது.

காலையில் கோயில் வரி எழுத
வயிரவன் வந்திருந்தார், பச்சை மைப் பேனாவோடு.
"வீட்டுல எத்தனை புள்ளி?"
அண்ணனும் அண்ணியும் ஒரு புள்ளி.
சித்தி போனபின் சித்தப்பா அரைப்புள்ளி.
பேனா என் பக்கம் ஒருமுறை நிமிர்ந்தது.
கல்யாணமாகாதவள், நாற்பத்து மூன்று.
"ஆக, ஒன்றரை" என்று மூடிக்கொண்டது.

சித்தப்பாவுக்கு வாரம் இரண்டு டயாலிசிஸ்,
ரெண்டாங்கட்டில் ஒழுகிய ஓடு,
அண்ணன் மகள் தேனாளுக்குக் கோவையில் ஹாஸ்டல் –
இதெல்லாம் வேறு நோட்டு.
வரியையும் ஜீபேயில் அனுப்பியது நான்தான்.
ரசீது அண்ணன் பெயரில்.

சிரித்துவிட்டேன், உண்மையில்.
வயிரவன் மேல் கோபமில்லை;
அவர் கருவி எதைத் தொடுமோ
அதைத்தானே எழுத முடியும்.

புரோட்டானிலும் இப்படித்தான் இடித்தது முதலில்.
எலக்ட்ரான் கண்ட புள்ளிகள் அத்தனையின்
உந்தத்தையும் கூட்டிப் பார்த்தார்கள்;
பாதிக்குப் பக்கத்தில் நின்றுவிட்டது.
மறுபடி கூட்டினார்கள்.
அதே பாதி.
மீதியைச் சுமந்தவற்றுக்கு மின்சுமை கிடையாது.
எலக்ட்ரான் அவற்றை ஏறெடுத்தும் பார்க்காது.
குளுவான் என்று பேர்; பசை என்று அர்த்தம்.
விழுந்த துண்டில்தான்
அவை முதலில் தெரிந்தன.

யூபிஎஸ் கத்தத் தொடங்கிவிட்டது.
திரையில், இடது ஓரத்தில்,
பங்கு சிறுத்துக்கொண்டே போகிற பக்கம்
குளுவான் கோடு செங்குத்தாய் ஏறுகிறது.
எங்கே போய் வளையும், வளையுமா,
இந்தத் தரவு சொல்லாது.
பிழைக்கோடுகள் என் சுண்டுவிரல் நீளம்.

சேவ் செய்கிறேன்.
இருட்டில் சித்தப்பா இருமுகிறார்.
நாளை வியாழன்,
ஆறரைக்கு ஆட்டோ சொல்லியிருக்கிறேன்.