மூடிய பிறகு

பல்லிடுக்கில் போனைக் கடித்துக்கொண்டு
ஆயில் குச்சியை உருவிப் பார்த்திருக்கிறீர்களா,
மைனஸ் முப்பத்தொன்றில்?
எச்சில் உறைந்து போன் உதட்டோடு ஒட்டும்.
வெளிச்சம் ரேடியேட்டர் மேல் விழும், சுவரில் விழும்,
பக்கத்து வீட்டுப் பூனை மேல் விழும்.
குச்சியில் எண்ணெய் எதுவரை என்பது மட்டும் தெரியாது.

தெமிர்தாவில் அப்போது காலை மூன்றே முக்கால்.
உருக்காலை வானத்தை அரைகுறையாகச் சிவப்பாக்கும்.
அந்தச் சிவப்பு பானெட்டுக்குள் எட்டாது.
பின் இருக்கையில் நூற்றுப் பத்து ரொட்டி.
ஏழு கடை. ஒவ்வொரு கடைக்காரிக்கும் ஒரு கோபம்.

என் ஜிகுலி எண்பத்தாறில் பிறந்தது.
நான் நான்கு வருடம் மூத்தவள், ஸ்டார்ட் ஆவதில் அதைவிடச் சுமார்.
முதலை வாயைத் திருப்பி மாட்டினாற்போல
பானெட் கண்ணாடிப் பக்கமிருந்து எழும்.
உள்ளே விளக்கு இருந்த இடத்தில் இரண்டு திருகுத் துளைகள்.
அதுவா, அது எப்பவோ போச்சு
என்றான் விற்றவன், காசை எண்ணிக்கொண்டே.

சந்தையில் ஒரு மீட்டர் எல்.இ.டி. பட்டை எண்ணூறு தெங்கே.
ஊதாவும் இருக்குக்கா, ராத்திரி ஜோரா இருக்கும்.
யார் பார்க்க? வெள்ளையே கொடு.

சுவிட்சுக்குக் காசில்லை.
ஐந்தாம் மாடிக்காரர்கள் படிக்கட்டடியில் தள்ளிவிட்ட
செத்த ஃபிரிட்ஜின் கதவோரத்திலிருந்து
கத்திமுனையால் நெம்பியெடுத்தார் கென்ரிக்.
கதவு திறந்தா எரியும், மூடினா அணையும்,
இதுக்கு வேற ஒண்ணும் தெரியாது, என்றார்,
யாரையோ பாராட்டுவது போல.

பேட்டரியிலிருந்து சிவப்பு ஒயர், நடுவில் இரண்டு ஆம்பியர் ஃபியூஸ்,
பிறகு சுவிட்ச், பிறகு பட்டை, கறுப்பு ஒயர் உடம்போடு.
பசை சூட்டில் இளகுமென்று
கேபிள் டை போட்டு ஒன்பது இடத்தில் இறுக்கினோம்.
தூக்கினால் எரிந்தது.
கார்புரேட்டரின் அழுக்கெல்லாம் தெரிந்தது. வெட்கமாயிருந்தது.

மூடினோம்.

அணைந்ததா?

இதுதான் வம்பு.
பார்க்கத் திறந்தால் எரியும்.
அணையாவிட்டால் காலையில் பேட்டரி பிணம்,
ரொட்டி என் மடியில்.
கென்ரிக் பனியில் மல்லாந்து அடியிலிருந்து பார்த்தார்.
இருட்டாத்தான் இருக்கு, என் கண்ணை நம்பாதே, என்றார்.

போனில் வீடியோவை ஓடவிட்டு
ஏர் ஃபில்டர் மேல் சாய்த்துவைத்துப் பானெட்டை இறக்கினேன்.
குறடு மாடியில் கிடந்தது. எடுக்கப் போனேன்.

இரவு அடுப்படியில் நின்று பார்த்தேன்.
முதலில் என் முகம், கீழிருந்து, மூக்குத் துளைகளோடு.
டப் என்றொரு சத்தம். கறுப்பு. அணைந்திருந்தது.
அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

கறுப்புக்குள் என் பூட்ஸ் சத்தம் தள்ளிப் போகிறது.
கதவு அறைகிறது.
கென்ரிக் மூக்கை உறிஞ்சுகிறார்.
பிறகு பேசுகிறார், ஜெர்மன் மொழியில்,
அவர் அம்மா சரக்கு ரயிலில் வந்தபோது
சோதனையில் பறிபோகாத ஒரே சாமானை எடுத்து.
பதினொரு வருடப் பழக்கத்தில்
அதில் ஒரு சொல்லும் நான் கேட்டதில்லை.
நீளமாக எதுவோ கேட்கிறார்.
பதிலுக்குக் காத்திருப்பது போல நிறுத்துகிறார்.
மறுபடி கேட்கிறார், இன்னும் மெதுவாக.
பூனையிடமா?
காரிடமா?
கதவுச் சத்தம். ரஷ்ய மொழியில், சத்தமாக,
குறடு கிடைச்சுதா ரௌஷன்?

மொழிபெயர்த்துக் கொடுக்கப் போனிலேயே வழி உண்டு.
விரலை அதன்மேல் வைத்தேன், எடுத்தேன்.
என் ஃபியூஸும் இரண்டு ஆம்பியர்தான்.

இன்று காலை பானெட்டைத் தூக்கினேன்.
சொன்ன சொல் மாறாமல் எரிந்தது.
எண்ணெய் இரண்டு கோட்டுக்கும் நடுவில், தேன் நிறத்தில்.
ரொட்டி ஆறுவதற்குள் மூடிவிட்டுக் கிளம்பினேன்.
போன் கோட்டுப் பையில் கிடந்தது,
கதகதப்பாக, வாயை மூடிக்கொண்டு.