பாரிஸ்டர் நந்தி

வங்காளி என்றார்கள்.
தலைப்பாகையைத் தேடினோம்.
பினாங்கில் வங்காளி என்றால்
வங்கி வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுக்
காவல் இருக்கும் சிங் அல்லவா.
இவரோ வழுக்கை, மீசைகூட இல்லை,
கறுப்புக் கோட்டுப் பையில் வறுத்த கடலைப் பொட்டலம்.
நீரத் பிஹாரி நந்தி.
வாளிக்காரர் சங்கத்துச் சடையன் சிரித்தான்:
"குறுக்கே நிற்பதற்கென்றே பெயர் வைத்திருக்கிறார்கள்."

நான் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளன்.
மாதம் நூற்றிருபது வெள்ளி.
அடுத்தவன் "நான்" என்றால் நானும் "நான்" என்பேன்,
கொலைகாரனுக்கும், கள்ளச் சாராயத்துக்கும்.
அன்றைக்குச் சடையனுக்கு:
"நான் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து
நாற்பது வீட்டு வாளி தூக்குகிறேன், துரை.
மழைக்கு மூடி கேட்டேன். சீட்டைக் கிழித்துவிட்டார்கள்."

நந்தி எழுந்தார்.
லைட் ஸ்திரீட் மின்விசிறிக்குக் கீழே
ஒரு காலி வாளியைக் கொண்டுவந்து வைத்தார்.
நீதிபதி கைக்குட்டையை எடுத்தார்.
"கழுவியது, மை லார்ட்," என்றார் நந்தி.
"கழுவியதற்கே கைக்குட்டை."
சடையனுக்கு வேலை திரும்பியது.
வாளிகளுக்கு மூடி வந்தது.

அடுத்த தேர்தலில் அந்த வாளிதான் சின்னம்.
நகராண்மைக் கழகத் தலைவர் நாற்காலியில்
கடலோரப் பாடாங்கைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.
தமிழ் கற்றார் என்பார்கள். பொய்.
தெரிந்தது மூன்றே வார்த்தை:
பசியாறியாச்சா. வரேன். பார்ப்போம்.
பதவிக்கு வந்தபின் மூன்றாவதைத்தான்
அதிகம் சொன்னார்.

செய்ததையும் சொல்ல வேண்டும்.
லொங்காக்களுக்கு மதகு,
டத்தோ கிராமாட் ரோடு முழுக்க விளக்கு.
ஒன்று என் ஜன்னலுக்கு நேரே.
இன்றும் தூங்க விடுவதில்லை.

ஆறாம் வருடம் வேலைநிறுத்தம்.
நாளுக்கு எண்பது காசு கூடக் கேட்டார்கள்.
நான்கு நாள் ஊர் நாறியது.
ஐந்தாம் நாள் படிக்கட்டில் வந்து நின்றார்,
என்னைக் கூப்பிட்டனுப்பி.
அவர் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல
நான் தமிழில்:
"நான் உங்களை வேலையிலிருந்து நீக்குகிறேன்.
என்னிடம் பணம் இல்லை."
என் வாய். என் குரல்.
நானூறு பேர் என்னைத்தான் பார்த்தார்கள்.

சடையன் கத்தினான்:
"நந்தி, குறுக்கே நிற்காதே!"
"என்ன சொல்கிறான்?"
இருபது வருட உத்தியோகத்தில்
ஒரே ஒரு தடவை பொய்யாய் மொழிபெயர்த்தேன்:
"பசியாறியாச்சா என்று கேட்கிறான், சார்."
கூட்டத்தை ஒருமுறை பார்த்தார்.
அந்தச் சத்தத்தில்
எதை நம்பினார் என்று தெரியாது.
உதடு மட்டும் அசைந்தது:
"பார்ப்போம்."

அப்புறம் தேர்தலில் டிபாசிட் போனது.
அதற்கப்புறம் தேர்தலே போனது,
கோலாலம்பூரிலிருந்து வந்த ஒரு கடிதத்தில்.
பிஷப் ஸ்திரீட் மாடியில் மறுபடி பலகை மாட்டினார்.
நீக்கப்பட்டவர்களின் மனுக்களை
அவரே எழுதிக் கொடுத்தாராம்,
தன் கையெழுத்தைத் தானே கண்டித்து.
எத்தனை பேருக்கு வேலை திரும்பியது?
விசாரித்தேன். யாரும் சொல்லவில்லை.

பத்து கந்தோங்கில் எரித்தோம்.
ஊர்வலம் திரும்புமிடத்தில்
சவவண்டிக்குக் குறுக்கே வந்து நின்றான் சடையன்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அவன் எதுவும் சொல்லவில்லை.
பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது.
விலகினான்.