பதிவில் இல்லாத நிறம்

பகலில் என் வேலை பற்சக்கரங்களைப் பார்ப்பது.
கண்ணில் உருப்பெருக்கி, விரலிடுக்கில் சாவணம்.
மூன்று மைக்ரோன் பிசகினால் சிவப்புக் கிண்ணம்.
பீல் நகரத்து மணிக்கூடுகள்
என்னைத் தாண்டித்தான் உலகத்துக்கு நேரம் சொல்லப் போகின்றன.

இரவில் இலங்கையை வெட்டுகிறேன்.

விளையாட்டோடு வந்த வரைபடத்தில் அது மூன்றே துண்டு.
வன்னி சாம்பல்.
யாரும் ஆளமுடியாத, படை நடக்கமுடியாத பாழ்நிலமென்று
எங்கோ ஓர் அலுவலகத்தில் யாரோ ஒருவர்
மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிவெடுத்திருக்கிறார்.
நான் அதைப் பதினாலாக்கினேன்.
ஒவ்வொன்றுக்கும் மூன்று எண்ணில் ஒரு நிறம்;
ஒரு நிறம் இரண்டு நிலத்துக்கு ஆகாது.
மாந்தைக்கு 174, 61, 22.
பனங்காமத்துக்குக் கடைசியில் ஒன்று கூட.
கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான்.
இயந்திரத்துக்கு வேறு வேறு ராச்சியம்.

முதல் வாரம் மென்தூரிகையால் வரைந்தேன்.
வடிவாயிருந்தது. எல்லைகள் கரைந்து
ஒன்றுக்குள் ஒன்று இறங்கின.
விளையாட்டு திறக்கவேயில்லை.
பிழைப்பதிவில் நாலாயிரம் வரி:
அறியாத நிறம், அறியாத நிறம், அறியாத நிறம்.
கொஞ்சம் மாந்தையும் கொஞ்சம் பனங்காமமுமாய்
நடுவில் நின்ற புள்ளிகள் எந்தப் பட்டியலிலும் இல்லை.
பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாய்
இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தள்ளினேன்.
இரண்டு மணிக்கு ஒரு புள்ளியில் கை நின்றது.
ஏனென்று கேட்காதேங்கோ.

லீட்ஸில் இருக்கிற பசிந்து கண்டியைச் செய்கிறான்.
சந்தித்ததில்லை.
அவனுடைய தமிழ் ஒரு வணக்கம்,
என்னுடைய சிங்களம் அதுகூட இல்லை.
ஆங்கிலத்தில் சண்டை பிடிக்கிறோம்.
நல்லூருக்கு நான் கொடுத்த கப்பல்கள் பகிடியாம்.
அவனுடைய மலைக்கோட்டைகள் மட்டும்
தேவலோகத்துக் கொத்தனார் கட்டியவை.
முத்துக்குளிக்கும் கரை யாருக்கென்று
பதினொரு நாள் கதைக்கவில்லை.
பிறகு, நான் மூட மறந்த ஓர் அடைப்புக்குறியால்
1523 மார்ச்சில் உலகம் நின்றபோது
நாற்பதாயிரம் வரிக்குள் இறங்கி
அந்த ஒரு வளைவைக் கண்டுபிடித்தவன் அவன்தான்.

பெயர்க் கோப்பும் அவனுடைய யோசனை.
தமிழ் அரசு பிடித்தால் மன்னார்.
சிங்கள அரசு பிடித்தால் மன்னாரம.
வேறு யாரும் பிடித்தால்?
அந்த வரியில் அலுப்போடு இரண்டையும் போட்டு
நடுவில் ஒரு சரிவுக்கோடு வைத்தேன்,
எங்கள் ரயில் நிலையப் பலகையிலிருந்து களவெடுத்தது:
பீல்/பியென்.
(ஜெர்மன் முதலாம், பிரெஞ்சு பிறகாம்.
மேற்பார்வையாளர் ஜெனூ இன்றைக்கும் அதை முறைத்துவிட்டுத்தான்
ரயிலேறுகிறார்.)

நேற்று விளையாட்டைத் தன்பாட்டில் ஓடவிட்டு வேலைக்குப் போனேன்.
பின்னேரம் வந்தால் 1671.
நல்லூர் நிற்கிறது!
1619ஐத் தாண்டி ஐம்பத்திரண்டு வருடம்.
கத்தியிருப்பேன், கீழ்வீட்டில் கைக்குழந்தை.
சப்பாத்தும் கழற்றாமல் கணக்கேட்டைத் திறந்தேன்.
நிற்பதற்காக என் நல்லூர்
பனங்காமத்தை மூன்றுதரம் எரித்திருக்கிறது.
வன்னி முழுக்க ஆள்கணக்கு பூச்சியம்.
நான் வரைவதற்கு முன்னிருந்த அதே சாம்பல்.

மன்னார் மட்டும் வேறு நிறம். டென்மார்க்.
எப்படி வந்தார்களோ, ஏதோ கலியாணம், ஏதோ கடன்.
டேனிஷ் பெயரொன்று நாங்கள் எழுதிவைக்கவில்லை.
ஆகையால் அந்தச் சின்னத் தீவின் மேல்
எழுத்துகள் இடமில்லாமல் நெருக்கியடித்து வளைந்து
மன்னார்/மன்னாரம.

படம் பிடித்து அனுப்பினேன்.
பிழை, என்றான். திருத்தவா?

தேத்தண்ணி ஆறிவிட்டது.
வெளியே கடைசிப் பேருந்து
நெற்றியில் இரண்டு பெயரோடு திரும்புகிறது,
உள்ளே ஒருவருமில்லை.
நாளைக்குப் பார்ப்பம் என்று எழுதிவிட்டு
பனங்காமத்தைப் பெரிதாக்கினேன்.
பூச்சியத்தை அழித்தேன்.
என்ன எண் போடுவதென்று
இன்னும் தெரியவில்லை.