குறில்

பிப்ரவரி. குவோபியோ.
மைனஸ் இருபத்திரண்டு.
கோட்டின் மேல் கறுப்புப் பட்டை:
மூப்பர் தார்னாக்.
மூப்பருக்குப் பத்தொன்பது வயது,
மீசை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

பக்கத்தில் மூப்பர் வைனிகோலோ, டோங்காத் தீவுக்காரர்.
நான்கு ஜோடி காலுறை,
அதன்மேல் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பை,
அதன்மேல் ஷூ.
கூட்டாளியைக் கண்பார்வையில் வைத்திருக்க வேண்டும் என்பது விதி.
அவர் வழுக்கினால் நானும் விழ வேண்டும் என்று
விதியில் இல்லை,
ஆனாலும் விழுந்தேன்.

"போன வாரம்தானே வந்தீர்கள்?"
அது யெகோவா சாட்சிகள், அம்மா.
"நீங்கள் வேறா?"
வேறு.
"அப்படியென்றால் முதலில் இரண்டு பேரும்
உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்."
கதவு மெதுவாகத்தான் சாத்தியது.
இந்த ஊரில் எதையும் அறைந்து சாத்துவதில்லை.

அடுத்த வீட்டில் திறந்தவர்
சௌனாவிலிருந்து நேராக வந்திருந்தார்.
இடுப்பில் துண்டு, உடம்பெங்கும் ஆவி,
இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி.
மரியாதைக்காரர்,
குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டார்.
துண்டு ஒருமுறை நழுவப் பார்த்தது.
வைனிகோலோ கண்களை வானத்துக்கு உயர்த்தி
பரலோகத்தைப் பற்றி
அதற்கு முன்னும் பின்னும் பேசியிராத
உருக்கத்தோடு பேசினார்.
கோட்டுப் போட்ட நாங்கள்தான் நடுங்கினோம்.

மொழியைச் சொல்ல வேண்டும்.
தபான் என்றால் சந்திப்பேன்.
தபன் என்றால் கொல்வேன்.
நடுவில் இருப்பது ஒரே ஒரு மாத்திரை.
உயிரெழுத்து என்று
சும்மாவா பெயர் வைத்தார்கள்.

மர்யுக்கா ரிஸ்ஸனென், நகரப் பேருந்து ஓட்டுபவர்,
படிக்கட்டில் உப்புத் தூவிக்கொண்டிருந்தபோது
பல் கிட்டிய வாயால்
மிகப் பணிவாகச் சொன்னேன்:
"வியாழன் மாலை ஐந்து மணிக்கு
உங்களைக் கொல்கிறோம்."
அவர் உப்பு வாளியைக் கீழே வைத்தார்.
கொஞ்சம் கணக்குப் போட்டார்.
"வியாழன் எனக்கு மாலை ஷிப்ட்.
வெள்ளி வசதிப்படுமா?"

வெள்ளியன்று காப்பி வந்தது. குடிப்பதில்லை என்றோம்.
தேநீர் வந்தது. அதுவும் இல்லை.
பீரைக் காட்டினார், தலையாட்டினோம்.
அலமாரிக்குள் தலையை விட்டு நெடுநேரம் தேடி
"கொலைகாரர்களுக்கு இவ்வளவு பத்தியமா?" என்றபடி
கருந்திராட்சைச் சாற்றை வெந்நீரில் கலந்து தந்தார்.
நாக்கு ஊதாவாகும்வரை குடித்தோம்.
புத்தகத்தைத் திறப்பதற்குள்
மண்வெட்டியைக் கையில் கொடுத்துவிட்டார்.
அவர் வாசல், பக்கத்து வாசல்,
அதற்கடுத்த, எங்களைத் திருப்பி அனுப்பியவரின் வாசல்.
வைனிகோலோ பனியை வாரும்போது
தன் ஊர்ப் பாட்டொன்றை அடித்தொண்டையில் பாடுவார்;
ஜன்னல்கள் ஒவ்வொன்றாக வெளிச்சமாயின.
யாரும் இறங்கி வரவில்லை.
கேட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அறிக்கை:
தட்டிய கதவுகள் அறுபத்தொன்று.
நடத்திய பாடம் பூஜ்யம்.
வாரிய பனிக்குக் கட்டம் இல்லை.
அம்மா தொலைபேசியில் கேட்டாள், அங்கே எப்படி என்று.
ஐடஹோவில் அவள் பின்னால்
பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் சத்தம்.
நன்றாக இருக்கிறேன் என்று சொல்லும்போது
தொண்டை அடைத்தது,
அதைச் சளி என்றேன்.

ஆறு வாரத்தில் என்னைத் துர்க்கு நகருக்கு மாற்றினார்கள்.
ரயில் நிலையத்துக்கு ஐந்தாம் எண் பேருந்து.
ஓட்டுநர் இருக்கையில் அவரே.
வழி முழுக்க ஒரு வார்த்தை இல்லை;
கண்ணாடியில் இரண்டு தடவை பார்த்தார்.
நான் பெட்டியோடு இறங்கும்போது
சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:
"தபன்."
குறில். துல்லியமாக.

ஏற நின்ற பள்ளிக்கூடப் பையன்
வாயைத் திறந்தவன் மூடவில்லை.
வழியனுப்ப வந்த வைனிகோலோ
என் காதருகே குனிந்து கேட்டார்:
"இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?"