அழுத்தமானி

சாவி எங்களிடம் இருந்தது; பூட்டுதான் இல்லை.
எவனோ அதையும் எடைக்குப் போட்டிருக்கிறான்.
லுங்கெலோ சங்கிலியை உருவினான்.
ஜேக்கப்ஸ் எண்ணெய் ஆலையின் நாற்றம்
எங்களுக்கு முன்னால் உள்ளே போனது.

என் வேலை சீட்டு ஒட்டுவது.
முழுசாக ஏலம் போவதற்குச் சிவப்பு,
உடைத்து விற்பதற்கு மஞ்சள்.
நாளுக்கு எழுநூறு ராண்ட், சாப்பாடு என் செலவு.

முதல் கூடத்தில் கார்க் கதவுகள்.
எல்லாம் இடப்பக்கத்துக் கதவுகள்,
துவைத்துக் காயப்போட்டு மறந்தவை மாதிரி
கொக்கிகளில் வரிசையாக.
வலப்பக்கத்தது என்னவாயிற்று என்றேன்.
"வேறொருத்தனோடு ஓடிப்போச்சு, சிஸ் நவமணி."
கன்வேயர் மேல் ஒரு குரங்கு
மாங்கொட்டை சப்பிக்கொண்டிருந்தது.
அதற்குச் சீட்டில்லை.

சாப்பாட்டுக் கூடத்துக்கு நான்கு வாசல்.
மேலே இருந்த எழுத்தை என்றைக்கோ
வெள்ளையடித்து மூடியிருக்கிறார்கள்.
மழை ஒழுகி ஒழுகிச் சுண்ணாம்பு உரிந்து
எழுத்து திரும்பி வந்திருக்கிறது.
அந்தச் சட்டமெல்லாம் செத்த பிறகு பிறந்தவள் நான்.
ஆனாலும் கால் தானாக மூன்றாவது வாசலுக்குப் போனது.
அவன் நான்காவதில் நுழைந்தான்.
உள்ளே ஒரே அடுப்படி.
எதிரெதிரே நின்று சிரித்தோம்,
சரியாக வரவில்லை சிரிப்பு.

பெயிண்ட் அறையில், தரைச் சட்டங்களில்
முப்பது வருடத் தெறிப்பு பாறையாக இறுகிக் கிடந்தது.
உளியால் ஒரு துண்டு பெயர்த்தேன்.
வெட்டு வாயில் கோடு கோடாக
வெள்ளை, வெள்ளை, பழுப்பு, மறுபடி வெள்ளை,
நடுவில் மயிரிழை அகலத்தில் ஓர் ஆரஞ்சு.
ஒரு வாரம்தான் கேட்டிருப்பார்கள் போலிருக்கிறது அந்த நிறத்தை.
சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பட்டியலில் எழுதவில்லை.

கடைசிக் கூடத்தில் பிரஸ்.
எண்ணூறு டன், இரண்டு மாடி உயரம்.
மின்சாரம் துண்டித்துப் பதினோரு வருடம்.
மஞ்சள் சீட்டை நாக்கில் தொட்டு நனைத்தபோது
பக்கவாட்டில் அழுத்தமானி கண்ணில் பட்டது.
முள் பூஜ்யத்தில் இல்லை.
நூற்று நாற்பதில் நின்றது.
கண்ணாடியைத் தட்டினேன்.
துடித்து, அதே இடத்துக்கு வந்தது.

அந்தப் பக்கம் லுங்கெலோ
செப்புக் குழாயில் ரம்பத்தை வைத்திருந்தான்.
எந்த மொழியில் கத்தினேனோ, அவன் கை நின்றது.

பிறகு ஒரு மணி நேரம்
வால்வைக் கால் சுற்று, காத்திருந்து, இன்னொரு கால் சுற்று.
கறுத்த எண்ணெய் வாளியில் நூலாக விழுந்தது.
நூற்றுப் பத்து. எழுபது.
மேலச்சு இறங்குகிறது என்பதை
நாங்கள் முதலில் கவனிக்கவில்லை.
சத்தமே இல்லை அதற்கு.
சிலந்தி வலைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்ததைப் பார்த்துத்தான் தெரிந்தது.

கீழச்சின் மேல் ஒரு தகடு இருந்தது.
கடைசி ஷிஃப்டில் யாரோ வைத்துவிட்டு
வெளியே என்ன சத்தம் என்று பார்க்கப் போயிருக்கலாம்.
அச்சு அதன்மேல் வந்து உட்கார்ந்தது.
விளிம்பு லேசாக மேலெழுந்தது,
அவ்வளவுதான் வெளியில் தெரிந்தது.

என்ன பாகமோ, பாதி வடிவமோ, வெறும் கீறலோ.
தூக்கிப் பார்க்க இனி மின்சாரம் வராது.

லுங்கெலோ ரம்பத்தைத் துடைத்தான்,
அறுக்காத ரம்பத்தை.
நான் சீட்டை ஒட்டி அடியில் எழுதினேன்:
பிரஸ் ஒன்று.
தகடு ஒன்று, உள்ளே.