நிபந்தனை ஏழு

மண்ணடியில் மூசா லெப்பையின் மாடிவீட்டை
வாடகைக்குக் கேட்டது ஒரு தேசம்.
அதன் பெயரைக் கோட்டைக் கடிதங்கள்
மூன்று விதமாய் எழுதின.
மூன்றையும் நான்தான் நகலெடுத்தேன்.

கான்சலை விடலாமா?
கல்கத்தாவுக்கு எழுதினார்கள், கல்கத்தா லண்டனுக்கு.
விட்டால் நாளை எல்லாரும் கேட்பார்கள்;
விடாவிட்டால் அவுரி வாங்க
வேறு துறைமுகம் போவான்.
பிறகு யாரோ ஓரத்தில், பென்சிலால்:
'மொட்டைமாடியில் நின்றால்
நம் பீரங்கிகளை எண்ணலாமே?'

எண்ணிவர என்னை அனுப்பினார்கள்.
ஏறிப் பார்த்தேன்.
புகையிலைக் கிடங்கின் ஓடுகள்,
காயும் கைலி,
இரண்டு சுவர்களுக்கு நடுவே
விரற்கடை அகலக் கடல்.
லெப்பையின் மகள் மிளகாயைப் புரட்டியபடி
'வருவாரா மாட்டாரா?
மழைக்கு முன்னே சொல்லிடுங்க,
ஒழுகுது' என்றாள்.

'எண்ண முடியவில்லை' என்று எழுதினேன்.
அவ்வளவு இருக்கின்றன என்று படித்துக்கொண்டார்கள்.
பதினாலு மாதம்.

அனுமதி வந்தபோது
ராயபுரத்துத் தச்சன் அருளாந்து
முப்பத்தாறு அடிக் கொடிமரத்தை
முன்பணம்கூட வராத கோபத்தில்
ஒரு படகுக்காரனுக்குத் தள்ளிவிட்டிருந்தான்.
பாதகமில்லை.
கொடி கூடாது, பெயர்ப்பலகை போதும்
என்றது நிபந்தனை ஏழு.

அதையும் நகலெடுத்தேன்.
தேசத்தின் பெயர்
நாலாவது விதமாய் இருந்தது.